முதல் சனிக்கிழமை காப்பி

நீடாமங்கலம் ரயில்வே கேட்டைப் போட்டுட்டான். இனி அரை மணி நேரம் ஆனாலும் ஆகும்மா, அந்த ஜன்னலை நல்லாத் தொறந்துக்க. எஞ்சினையும் நிறுத்திட்டான் பாரு. நீ கும்பகோணம்தானே? நானும் அங்கதான். வேலைக்கா, வீட்டுக்கா? சரி, சரி. மெட்டியைப் பாத்துட்டேன், அதனால உன் ஜாதகத்தைக் கேக்க மாட்டேன், பயப்படாதே. கொழுந்தன், நாத்தனார்னு யாராவது கல்யாணத்துக்கு இருந்தா மட்டும் சொல்லு. பஸ்ல பக்கத்துல உக்காந்தவங்களைக் கேக்காம விட்டதே இல்லை நான். தொழில் அப்படி.

மன்னார்குடியில பந்தலடிக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு மருந்துக்கடைக்கு மேல, மாடியில போர்டு பாத்திருப்பே. வாலாம்பிகை திருமண தகவல் மையம். அது நம்மளுதுதான். அப்பா ஆரம்பிச்சது, அவரு போனப்புறம் நான். மொத்தம் இருபத்தி நாலு வருஷம். என் பேரு மங்கையர்க்கரசி. அவ்வளவு நீளமாச் சொல்ல யாருக்கும் பொறுமை கிடையாது, மங்கைம்மான்னுதான் கூப்பிடுவாங்க. ஒரே ஒருத்தரு மட்டும் மேடம்னு கூப்பிடுவாரு.

நான் எதுக்குப் போறேன்னு நீ கேக்கவே இல்லையே. கேளு, பொழுதாவது போகட்டும். அந்த ஒருத்தரைப் பாக்கத்தான் போறேன். சண்டை போடப் போறேன்னே வச்சுக்கயேன். லூர்துசாமின்னு பேரு, எங்க சென்டருக்குக் கம்ப்யூட்டர் பாக்குறவரு. ஆறு வருஷமா மாசம் தவறாம முதல் சனிக்கிழமை கும்பகோணத்துலேருந்து வருவாரு. ஜனவரியில வரலை. பிப்ரவரியில வரலை. மார்ச்சுல வரலை. இன்னிக்கு ஏப்ரல் முதல் சனிக்கிழமை. பத்தரைக்கெல்லாம் மாடிப்படியில அவரு செருப்புச் சத்தம் கேக்கும். பத்தே முக்கால் வரைக்கும் பாத்தேன். பூட்டைப் போட்டுட்டு இந்த பஸ்ஸுல ஏறிட்டேன். அவரு மறுபடி வரணும். மாசா மாசம் வரணும். அதுக்கு ஒரு பதில் வாங்காம நான் ஊரு திரும்பறதா இல்லை.

என்ன வேலைக்கு வருவாருன்னா கேக்குறே? காப்பி எடுக்க.

சிரிப்பா இருக்குல்ல? எனக்கும் முதல்ல அப்படித்தான். ஆறு வருஷத்துக்கு முன்னாடி எங்க கம்ப்யூட்டர் ஒருநாள் காலையில கண்ணே தொறக்கலை. உள்ள எத்தனை ஜாதகம்னு நினைக்கிறே? ஒம்பதாயிரத்து நானூறு. யாரோ நம்பர் கொடுத்தாங்க, இவரு வந்தாரு. பேசாம உக்காந்து ரெண்டு நாள்ல உயிர் கொடுத்துட்டாரு. கிளம்பும்போது, "மேடம், இனிமே மாசத்துக்கு ஒரு தடவை காப்பி எடுக்கணும்"னாரு. நான் என்ன புரிஞ்சுக்கிட்டேன்? மனுஷன் வாய்விட்டுக் காப்பி கேக்குறாரே, நாம ரெண்டு நாளா ஒரு வாய் கொடுக்கலையேன்னு உள்ள ஓடி அடுப்பைப் பத்தவச்சு டிகாக்‌ஷன் போட்டு டவரா டம்ளர்ல கொண்டாந்து நீட்டுறேன். அவரு டம்ளரைப் பாக்குறாரு, என்னைப் பாக்குறாரு. "அந்தக் காப்பி இல்ல மேடம்"னு சொல்லிட்டு வாங்கிக் குடிச்சாரு. அன்னிக்கு ஆரம்பிச்ச பழக்கம். அவரு காப்பி எடுப்பாரு, நான் காப்பி கொடுப்பேன்.

அவரு முறை என்னன்னா, எல்லாத்தையும் மூணு இடத்துல வச்சிருக்கணும். ஒண்ணு கடையில கம்ப்யூட்டருக்குள்ள. ரெண்டாவது ஒரு டிஸ்க்குல போட்டு என் வீட்டு பீரோவுல. மூணாவது வெளியூர்ல, அதாவது அவரு வீட்டுல. சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினது ஒரு டிஸ்க்கு, நீல ஸ்டிக்கர் ஒட்டினது ஒரு டிஸ்க்கு. இந்த மாசம் சிவப்பு என்கிட்ட இருந்தா நீலம் அவருகிட்ட. அடுத்த மாசம் நீலத்தைக் கொண்டாந்து, புதுசா ஏத்தி என்கிட்டக் கொடுத்துட்டு, சிவப்பை எடுத்துக்கிட்டுப் போவாரு. ஒரு நாளும் ரெண்டும் ஒரே கூரைக்குக் கீழ தங்கக் கூடாது. ஏன்னு கேட்டா, அவரு வாயைத் தொறந்தா போதும், ஒரே அமங்கலம். "தீப்பிடிச்சா என்ன செய்வீங்க மேடம்? வெள்ளம் வந்தா? திருடன் வந்தா? திடீர்னு நீங்களே..." அதோட நிறுத்தினேன். கல்யாணம் பேசுற இடம்யா இது, நல்ல வார்த்தை சொல்லுங்கன்னேன். எதிர்ல பொண்ணோட அப்பா உக்காந்திருக்காரு, இவரு தீப்பிடிச்சாங்குறாரு!

அப்புறம் அவருக்கும் புரிஞ்சுபோச்சு. தீன்னு சொல்ல மாட்டாரு, "அது"ம்பாரு. அது வந்தா முதல்ல யாருக்குப் போன் பண்ணணும், எந்த டிஸ்க்கை எடுக்கணும், எந்தக் கம்ப்யூட்டர்ல போடணும்னு ஒரு தாள்ல அழகா எழுதிக்கொடுத்து செவுத்துல ஒட்டச் சொன்னாரு. நான் ஒட்டுவேனா? வர்றவங்க படிச்சுட்டு எந்திரிச்சுப் போயிட மாட்டாங்களா? மடிச்சு டிராயர்ல போட்டேன். வருஷத்துக்கு ஒரு தடவை ஒத்திகை பாக்கணும்னாரு. அதாவது கடை மொத்தமாப் போச்சுன்னு நினைச்சுக்கிட்டு, டிஸ்க்கை வச்சு மறுபடி எல்லாத்தையும் எழுப்பணுமாம். செத்த மாதிரி ஒத்திகையா, வேற வேலையில்லையா உங்களுக்குன்னுட்டேன். சிரிச்சுக்கிட்டே பையை மூடிட்டாரு. மத்த இடத்துலயும் இதே கதைதானாம். ஒரு உரக்கடைக்காரரு, டிஸ்க்கைப் பத்திரமா வைங்கன்னு சொன்னதுக்கு, கம்ப்யூட்டரு தலைமேலயே வச்சு ரப்பர் பேண்டு போட்டிருக்காராம். அதைச் சொல்லும்போது மட்டும் நல்லாச் சிரிப்பாரு.

வேலை முக்கால் மணி நேரம்தான். ஆனா அந்த டிஸ்க்குல ஏறுறதுக்கு நேரமாகும், பச்சைக் கோடு மெதுவா நகரும். அதைப் பாத்துக்கிட்டு ரெண்டு பேரும் உக்காந்திருப்போம். அவரு ஒண்ணும் பேச மாட்டாரு. நான்தான் பேசுவேன். யாரு வீட்டுல என்ன சம்பந்தம் தட்டிப்போச்சு, எந்தப் பையன் நாப்பது வயசை முப்பத்தஞ்சுன்னு எழுதுறான், எல்லாம். மாசம் முழுக்க அந்த முக்கால் மணிக்குன்னு ஒதுக்கி ஒதுக்கி வச்சிருப்பேன் விஷயங்களை. வீட்டுல யாருகிட்ட சொல்றது? அப்பா படம்தான் இருக்கு.

இல்லம்மா, எனக்கு ஆகலை. அதுவா, அப்பாவுக்குப் பக்கவாதம், படுக்கையில ஒம்பது வருஷம். அப்புறம் நேரமாயிடுச்சு. அதை விடு. ஊருல ஆயிரத்து எழுநூறு கல்யாணம் முடிச்சு வச்சிருக்கேன், அதைக் கேளு.

அவருக்கும் ஆளில்லைதான். சம்சாரம் தவறி எட்டு வருஷமாச்சு, ஒரு பொண்ணு, கட்டிக்கொடுத்து மஸ்கட்டுல இருக்கு. ஒரு தமாஷ் கேளு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு முதல் சனிக்கிழமை, பச்சைக் கோடு ஓடிக்கிட்டிருக்கு, மனுஷன் தொண்டையைக் கனைச்சுக்கிட்டு, "மேடம், நானும் ஒரு பதிவு போடலாமா"ன்னாரு. பேரென்ன, வயசென்னன்னு அவரே ஃபாரத்தை எடுத்து எழுதுறாரு. வயசு அம்பத்தி நாலு. எதிர்பார்ப்புங்குற இடத்துல, "மதம் தடையில்லை, நல்லாப் பேசுறவங்களா இருந்தாப் போதும்"னு எழுதியிருக்காரு. எனக்குச் சிரிப்பு தாங்கலை. நட்சத்திரம் எங்கன்னேன். "எங்கள்ல அதெல்லாம் பாக்குறதில்லையே மேடம்." அப்ப எப்படி ஏத்துறது? நட்சத்திரம் போடாம எங்க சாஃப்ட்வேர் அடுத்த கட்டத்துக்கே போகாதுய்யா, உங்க ஆளுங்களுக்குன்னு தஞ்சாவூர்ல தனி சென்டர் இருக்கு, அங்க போங்கன்னு அட்ரஸ் எழுதிக்கொடுத்தேன். வாங்கிப் பையில வச்சுக்கிட்டாரு. போனாரா இல்லையான்னு தெரியலை. நானும் கேக்கலை. அந்த மாதிரி வெகுளி. யாருகிட்ட என்ன கேக்குறதுன்னே தெரியாது.

ரயிலு போயிடுச்சு, பாரு. கேட்டைத் தொறக்குறான். இந்த ஆட்டோக்காரனுக்கு எங்கேருந்துதான் அவசரம் வருமோ.

சண்டை எதுக்குன்னா, போன சரஸ்வதி பூஜைக்கு நடந்த கதை அது. நீயே நியாயம் சொல்லு.

எங்க கடையில சரஸ்வதி பூஜைக்கு ஜாதக நோட்டு, பேனா, முத்திரை எல்லாத்தையும் அடுக்கி, பட்டுத்துணி போத்தி, பொரி கடலை வச்சுக் கும்பிடுவோம். கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. வீட்டு பீரோவுல இருக்குற டிஸ்க்கையும் வருஷா வருஷம் கொண்டாந்து வைப்பேன். அவரு வீட்டுல இருக்குற டிஸ்க்கைப் பத்தி நான் நினைச்சதே இல்லை. போன வருஷம் என்னாச்சு, ஆவணியில நிச்சயம் பண்ணின மூணு கல்யாணம் வரிசையா நின்னுபோச்சு. பொருத்தம் பாத்தா பத்துக்கு எட்டு. அப்படியும் நின்னுபோச்சு. ராப்பகலா யோசிச்சேன். அப்பத்தான் பொறி தட்டிச்சு. நம்ம ஜாதகத்துல ஒரு பங்கு ஆறு வருஷமா அம்பாள் கண்ணுல படாமலே கும்பகோணத்துல கிடக்கே!

போன் போட்டேன். பூஜைக்கு அந்த டிஸ்க்கையும் கொண்டாங்கன்னேன். "மேடம், அது மட்டும் வேணாம்"னாரு. "ரெண்டும் ஒரே இடத்துல இருக்கக் கூடாதுங்குறதுதான் மொத்த விஷயமே." ஒரு நாள்தானேன்னேன். "சரி, வச்சு எடுத்து உடனே கொண்டுபோயிடுறேன்." அதெப்படி? பூஜையில வச்சதை அன்னிக்கே எடுக்கலாமா? மறுநாள் விஜயதசமிக்குத்தான் எடுக்கணும். "மேடம், ப்ளீஸ்"னாரு. ஆறு வருஷத்துல நான் உங்ககிட்ட எதையாவது கேட்டிருக்கேனாய்யான்னேன். மறுநாள் காலையில ஒம்பது மணிக்கெல்லாம் நீல டிஸ்க்கோட வந்து நிக்குறாரு. குளிச்சுட்டு வெள்ளைச் சட்டையில வந்திருந்தாரு. அவரு கையாலேயே பட்டுத்துணிக்கு அடியில வச்சாரு. சுண்டல் கொடுத்தேன், வாங்கிக்கிட்டாரு. பதினோரு மணிக்கு விளக்கை ஏத்திவச்சுட்டு, பூட்டிக்கிட்டு நான் வீட்டுக்குப் போயிட்டேன், அவரு பஸ் ஏறிட்டாரு.

பன்னெண்டு மணிக்கு மருந்துக்கடைப் பையன் சைக்கிள்ல பறந்து வர்றான். மாடியில புகைன்னு.

எலிம்மா. பொரிக்கு வந்த எலி, நெய்த் திரியைப் பாத்திருக்கு. எரியுற திரியை வாயில கவ்வி இழுத்துக்கிட்டுப் பட்டுத்துணி மேல போயிருக்கு. தீயணைக்க வந்தவங்களே சொன்னாங்க, வருஷத்துக்கு ரெண்டு மூணு இப்படிப் பாக்குறோம்னு. நோட்டு, ஃபாரம், கம்ப்யூட்டர், ரெண்டு டிஸ்க்கு, எல்லாம் ஒரே குவியல். தண்ணியை வேற அடிச்சுட்டாங்க. அவரு எழுதிக்கொடுத்த தாளும் டிராயரோட போச்சு. யாருக்கு முதல்ல போன் பண்ணணும்னு அதுலதான் எழுதியிருந்துச்சு. ஆனா அந்த நம்பர் எனக்கு மனப்பாடம்.

அவரு பாதி வழியில இறங்கித் திரும்பி வந்துட்டாரு. இப்ப நீ சொல்லு. விஷயம் தெரிஞ்சவரு அவரா, நானா? நான் ஆயிரம் கேப்பேன், தெரிஞ்சவரு முடியாதுன்னு நிக்கணுமா இல்லையா? சக்கரை வியாதிக்காரன் டாக்டருகிட்ட வெல்லம் கேட்டா கொடுத்துடுவாரா? அதைத்தான் கேட்டேன். தெருவுல வச்சு, கோவத்துல ரெண்டு வார்த்தை சொன்னேன். கடை எரிஞ்சு நிக்குற யாரும் சொல்றதுதான்.

என்ன வார்த்தைன்னு கேக்குறியா? என்னமோ சொன்னேன்.

இல்லை, சொல்லிடறேன். உன்னை இனிமே எங்க பாக்கப்போறேன். "உங்க கை பட்டதாலதான்யா அம்பாளுக்குப் பொறுக்கலை"ன்னேன். தெருவே நின்னு கேட்டுச்சு. மருந்துக்கடைக்காரரு தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. அவரு உள்ள போயி அந்தக் குவியலைக் கிளறி ரெண்டு டிஸ்க்கையும் தேடி எடுத்துக்கிட்டு வந்து நிக்குறாரு. வெள்ளைச் சட்டை முழுக்கக் கரி. "முயற்சி பண்ணிப் பாக்குறேன் மேடம்"னு மட்டும் சொல்லிட்டு, ஒரு துண்டுல சுத்தி எடுத்துக்கிட்டுப் போனாரு. அதை நான் சொல்லியிருக்கக் கூடாதும்மா. அவரு வேணாம்னுதான் சொன்னாரு. ஒண்ணுக்கு மூணு தடவை சொன்னாரு.

அதுக்கப்புறம் ரெண்டு மாசம் எப்படிப் போச்சுங்குறே. எதிர்ச் சாரியில ஒரு மாடி ரூம் பிடிச்சு மேஜையைப் போட்டுட்டேன். பத்து மணிக்குப் போயி உக்காருவேன். எனக்கு வேலையே போன் பண்றதுதான். ஏங்க, பையனுக்கு முடிஞ்சுதா, இன்னும் பாக்குறீங்களா, வயசை மாத்தணுமான்னு தினம் முப்பது பேரையாவது கேப்பேன். பாதிப் பேரு சம்பந்தத்தை விட்டுட்டு சும்மா ஊர்க்கதை பேசுவாங்க. அவங்க நம்பரெல்லாம் எரிஞ்சுபோச்சு. ஒம்பதாயிரம் பேரைத் தெரியும்னு நினைச்சுக்கிட்டிருந்தேன், போனை எடுத்தா யாரைக் கூப்பிடறதுன்னு தெரியலை. வெறுமனே போனைக் காதுல வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன், கீழேருந்து பாக்குறவங்களுக்கு வேலை நடக்குற மாதிரி தெரியட்டும்னு. மார்கழிக்கு முன்னாடி எதுவும் வரலைன்னா மூடிட வேண்டியதுதான்னு முடிவே பண்ணிட்டேன். மூடிட்டு எங்க போறது, வீட்டுல யாரு மூஞ்சியைப் பாக்குறதுங்குறதை மட்டும் யோசிக்கலை.

அவரு அந்த டிஸ்க்கைத் தூக்கிக்கிட்டு ரெண்டு தடவை மெட்ராஸ் போயிருக்காரு. அங்க உள்ளயிருக்குற தகட்டை மட்டும் பிரிச்சு எடுத்துப் படிக்கிறவங்க இருக்காங்களாம். நீலம் செத்துப்போச்சு. சிவப்புல தகடு பிழைச்சிருந்துச்சு. டிசம்பர் முதல் சனிக்கிழமை, பத்தரை மணி, படியில செருப்புச் சத்தம். எந்திரிச்சு நின்னுட்டேன்.

புதுக் கம்ப்யூட்டர்ல எல்லாத்தையும் ஏத்தினாரு. சரியா வந்திருக்கான்னு சோதிக்க முதல் பதிவைத் தொறந்தாரு. முதல் பதிவு யாருதுன்னு நினைக்கிறே? என்னுதுதான். அந்தக் காலத்துல சாஃப்ட்வேர் வாங்கினப்ப அப்பா பழகுறதுக்காக என் ஜாதகத்தைத்தான் முதல்ல ஏத்தினாரு. அது அப்படியே கிடக்கு. வயசு மட்டும் வருஷா வருஷம் தானா ஏறிக்கும். அவரு சத்தமாப் படிக்கிறாரு. "பேரு மங்கையர்க்கரசி. நட்சத்திரம் அனுஷம். வயசு அம்பத்திரெண்டு. எல்லாம் சரியா வந்திருக்கு மேடம். எதிர்பார்ப்பு மட்டும் காலியா இருக்கு. தீயில போயிடுச்சா, இல்ல முதல்லேருந்தே எழுதலையா?"

முதல்லேருந்தே எழுதலைன்னேன். "அப்ப சரி"ன்னு மூடிட்டாரு.

காப்பி போட்டேன். பாதிதான் குடிச்சாரு. அப்புறம் கம்ப்யூட்டர்ல என்னமோ மாட்டி, மஞ்சள் கலர்ல ஒரு வயரு இழுத்து, விவரம் சொன்னாரு. இனிமே டிஸ்க்கே கிடையாதாம். தினம் சாயந்தரம் ஆறு மணிக்கு எல்லா ஜாதகமும் அந்த வயரு வழியா எங்கயோ தூரத்துல இருக்குற பெரிய கம்ப்யூட்டருக்குத் தானாப் போயிடுமாம். தீ வந்தாலும் வெள்ளம் வந்தாலும் கவலையில்லையாம். "பூஜைக்குக் கொண்டாரணும்னு நீங்க நினைச்சாலும் முடியாது மேடம்"னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. பையை மூடிட்டு, "இனிமே நான் வர வேண்டியதே இல்லை. ஏதாவதுன்னா போன் போடுங்க"ன்னாரு.

நான் என்ன சொன்னேன்னு கேளேன். "ரொம்ப நல்லதாப் போச்சு, உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்"னேன். வாய்க்கொழுப்பு. வாயில நல்ல வார்த்தை வர வேண்டிய நேரத்துல வராது எனக்கு. ஒரு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அவரு படியிறங்கிப் போற சத்தம் கேட்டுக்கிட்டே நின்னேன்.

ஜனவரியில முதல் சனிக்கிழமை காலையில பால் கூடுதலா வாங்கிட்டேன், பழக்க தோஷம். பிப்ரவரியிலயும் வாங்கினேன். எத்தனை தடவை ஊத்திக் குடிக்கிறது ஒருத்தியா? அந்த மெசினு இருக்கே, தினம் ஆறு மணிக்கு "வெற்றிகரமாக முடிந்தது"ன்னு போனுக்கு ஒரு செய்தி அனுப்பும். ஒருநாள் தவறாது. அதைப் பாத்தாலே எரிச்சலா வரும். கண்ணால பாக்க முடியாத இடத்துல கொண்டுபோயி வச்சுட்டு நம்புன்னா எப்படிம்மா நம்புறது? ஒரு ஆளு வந்து பாத்துட்டுப் போனாத்தானே ஒரு இது.

அதனால வியாழக்கிழமை சாயந்தரம் அந்த மஞ்சள் வயரைப் புடுங்கிட்டேன்.

ஆமாம்மா, நானேதான். ஏன் அப்படிப் பாக்குறே? உங்க மெசினு கெட்டுப்போச்சு, ரெண்டு நாளா ஒண்ணும் போகலை, இதுக்குத்தான் மாசம் ஒரு தடவை ஆளு வந்து பாக்கணுங்குறதுன்னு நேர்ல போயி நாலு கேள்வி கேக்கப்போறேன். போன்ல கேட்டா போன்லயே பதில் சொல்லிடுவாரு. அவரு வீட்டுக்கு நான் போனதே இல்லை. மாதாகோயிலுக்குப் பின்னாடி ரெண்டாவது தெரு. டிஸ்க்கு டப்பாவுல அட்ரஸ் ஒட்டியிருக்கும், ஆறு வருஷமாப் பாத்துப் பாத்து மனப்பாடம்.

வலங்கைமான் வந்துடுச்சா? இரு, போன் அடிக்குது. பையில எங்க போட்டேன்... இரும்மா. அட.

ஹலோ. ம். சொல்லுங்க... நல்லாருக்கேன். நீங்க?... அப்படியா, உங்களுக்கும் செய்தி வருமா அது?... ரெண்டு நாளாவா?... தெரியலையே, நான் பாக்கலை... எந்த வயரு?... மஞ்சளா... எனக்கெல்லாம் மாட்டத் தெரியாது, தப்பா மாட்டிட்டேன்னா?... ம்... ம்... சரி. அனுப்புங்க, பாக்குறேன்... சத்தமா? கடைத்தெருவுல நிக்கிறேன், காய் வாங்க வந்தேன்... இல்லை, இல்லை, நீங்க எதுக்கு அதுக்காக... சரி. வச்சுடறேன்.

அவருதான்.

வயரு கழண்டிருக்கும்னு அங்கேருந்தே தெரியுதாம். மாட்டினா சரியாயிடுமாம். "வரணுமா மேடம்"னு கேட்டாரு. கேட்டாரும்மா. நான்தான் நீங்க எதுக்கு அதுக்காகன்னுட்டேன். நீ கேட்டுக்கிட்டுத்தானே இருந்தே? வாயைப் பாத்தியா என் வாயை? அதுக்குத்தானே கிளம்பி வந்தேன்.

படம் வந்துடுச்சு. பாரு. என் மேஜைதான், டிசம்பர்ல மாட்டினப்பவே எடுத்து வச்சிருக்காரு. எந்த ஓட்டையில சொருகணும்னு சிவப்புல அம்புக்குறி போட்டிருக்காரு. எவ்வளவு தெளிவாப் போட்டிருக்காரு. சின்னப் புள்ளை கூட மாட்டிடும்.

இப்ப நான் எதைச் சொல்லிக்கிட்டு அந்தப் படியேறுறது? மெசினு கெட்டுப்போச்சுன்னு சொல்ல முடியாது. வந்து பாருங்கன்னு சொல்ல முடியாது. ரெண்டு நாளா யோசிச்சு வச்சிருந்த கேள்வி எல்லாத்துக்கும் ஒரு அம்புக்குறியில பதில் சொல்லிட்டாரு. திரும்பிப் போயி வயரை மாட்டினா இன்னிக்குச் சாயந்தரம் ஆறு மணிக்கு வெற்றிகரமாக முடிந்ததுன்னு வந்துடும். அவ்வளவுதான்.

ஊரு வந்துடுச்சு. அந்தா, கோபுரம் தெரியுது பாரு.

ஆயிரம் வீட்டுப் படி ஏறியிருக்கேம்மா நான். ஜாதகம் கொடுக்க, ஜாதகம் வாங்க, பொண்ணு பாக்கக் கூட்டிக்கிட்டுப் போக, கோச்சுக்கிட்டவங்களைச் சமாதானம் பண்ண. கையில ஒரு காரணம் இல்லாம ஒரு வீட்டு வாசல்ல நின்னதே கிடையாது. இன்னிக்குத்தான் வெறுங்கையோட போறேன். கதவைத் தொறந்துட்டு, என்ன மேடம், எதுக்கு வந்தீங்கன்னுதான் கேப்பாரு. வேற என்ன கேக்கத் தெரியும் அவருக்கு? எதுக்கு வந்தேன்னு நான் சொல்றது, சொல்லு. பேசுறதுக்கு ஆளில்லைய்யான்னு சொல்லவா? அம்பத்திரெண்டு வயசுல அப்படி ஒரு வார்த்தையை எப்படிச் சொல்ல ஆரம்பிக்குறதும்மா?

பஸ்ஸு நின்னுடுச்சு, நீ எந்திரி. உனக்கு வேலைக்கு நேரமாகுதுல்ல. அந்தம்மா கூடையை இடிச்சுக்காமப் போ. எல்லாரும் இறங்கட்டும். நான் கடைசியா இறங்கிக்கிறேன்.